ஆய்வேட்டின் யாப்பும் மேற்கோளும்

பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெறுதற்பொருட்டு எழுதிச் சேர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளுள், சைவசித்தாந்த சாத்திரங்களைப் பொருளாகக் கொண்டனவும் பல உள்ளன. அவற்றை எழுதுவார் பொருள் தேடுதற்கண் ஆண்டுகள் சிலவற்றைச் செலவிட்டு, தேடிய பொருளை ஏட்டில் நிரல்படக் கோக்கும் வினையை இறுதி மாதத்திற்கு ஒதுக்குகின்றனர். அவ்வினையையும் கணினியில் எழுத்துக் கோத்துக் கொடுப்பார் கையிலே விட்டுவிடுகின்றனர். ஆய்வேட்டின் அமைப்பென்பது தாளின் அளவும், ஓரத்து வெற்றிடமும், அட்டையின் நிறமுமே என்னும் எண்ணமே இதற்குக் காரணமாம். மற்றொரு சாரார் அவ்வமைப்பே ஆய்வென மயங்கி, விதிகள் வேண்டிய உறுப்பெல்லாம் நிரம்பினமையின் நூலும் நிரம்பிற்று என்று அமைதி கொள்கின்றனர். இவ்விரு கொள்கையும் தமிழ் நூன்மரபிற்கு ஒவ்வாமையும், ஆய்வேட்டிற்கு உயிர்நிலை யாண்டுளது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

அமைப்பினை இகழ்வார் கூற்றை முதற்கண் நோக்குக. முகப்புப்பக்கம், நெறியாளர் சான்றுரை, ஆய்வாளர் உறுதிமொழி, பொருளடக்கம், குறுக்க விளக்கம், இயற்பகுப்பு, முடிவுரை, துணைநூற்பட்டியல் என்னும் இவையெல்லாம் மேனாட்டார் தம் கழகங்கட்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கு என்றும், ஆசிரியரை அடுத்துப் பாடங்கேட்கும் நெறியில் வந்தார்க்கு அவை அயல்வழக்கு என்றும் அவர் கூறுவர். அற்றன்று. பழையது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகாமையும், இன்று தோன்றியது என்பதனாலேயே ஒன்று குற்றமுடையதாகாமையும் உமாபதிசிவாசாரியர் சிவப்பிரகாசப் பாயிரத்திலே காட்டிய நெறியாம். அன்றியும், இவ்வுறுப்புக்கள் பெயராற் புதியனவேயன்றிப் பொருளாற் புதியன அல்ல. நன்னூலார் சிறப்புப்பாயிரத்திற்கு வகுத்த உறுப்புக்கள் 8. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டி 11 என்பாரும் உளர். அப்பதினொன்றையும் ஆய்வேட்டின் முன்பகுதியோடு வைத்து நோக்கின் உண்மை புலனாம்.

ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் முகப்புப்பக்கத்தில் அமைகின்றன. காலமும் களமும் அப்பக்கத்தின் அடியிலே சேர்ப்பித்த ஆண்டாகவும் பல்கலைக்கழகத்தின் பெயராகவும் நிற்கின்றன. உமாபதிசிவாசாரியர் சங்கற்பநிராகரணத்திற் சகயாண்டு 1235 என்று தம் நூலினுள்ளே குறித்தமையால் அந்நூல் கி.பி. 1313இல் எழுந்தது என்பது தெளியப்பட்டது. அக்குறிப்பொன்று கொண்டே ஏனைய ஆசிரியர் சிலருடைய காலத்தையும் அறிஞர் அளந்தறிகின்றனர். முகப்பில் ஆண்டு குறித்தல் வெற்றுச் சடங்கன்று என்பதற்கு இது சான்றாம். நுதலிய பொருளும் பயனும் காரணமும் முன்னுரையிலும் குறுக்க விளக்கத்திலும் கூறப்படுகின்றன. வழி என்பது முன்னையோர் ஆய்வினை மதிப்பிட்டு, அதனின்று தன் நூல் புறப்படும் நெறி காட்டுதல். யாப்பு இயற்பகுப்பு. கேட்போர் என்பது இந்நூலைப் பயிலுதற்கு உரியார் இன்னார் என வரையறுத்தல். எல்லையென்பது பண்டு நூல் வழங்கும் நிலப்பரப்பினைக் குறித்தது. ஆய்வேட்டில் அது பொருட்பரப்பிற்கு எல்லையாகின்றது.

சிறப்புப்பாயிரஞ் செய்தற்கு உரியார் நூலாசிரியன் அல்லன். அவனுடைய ஆசிரியனும், உடன் கற்றானும், மாணாக்கனும், தகுதி வாய்ந்த உரைகாரனுமே உரியர் என்பது மரபு. நெறியாளர் சான்றுரை பிறரொருவராற் செய்யப்படவேண்டும் என்னும் இக்கால விதியும் அக்கருத்தே பற்றியது. தன்னைத் தானே சான்று கூறிக்கொள்ளல் கற்றோர் அவையிற் செல்லாது என்பதை இரு மரபும் ஒப்பக் கொண்டன. வேறுபாடு ஒன்றுண்டு. பண்டைப் பாயிரஞ் செய்தவர் நூலை முற்றக் கற்று, அதன் வழியும் எல்லையும் பயனும் தாம் உணர்ந்தவாறே உரைத்தனர். இன்றைச் சான்றுரையோ யாவர்க்கும் ஒரே வாய்பாடாய், பெயரும் தலைப்பும் மாத்திரம் மாறி வருவது. இக்குறை அமைப்பின் குறையன்று. அமைப்பிற்குள் இருந்த உயிர் நீங்கினமையால் வந்த குறை.

முன்பகுதிப் பக்கங்கட்கு உரோம எண்ணும், நூலின் உடற்பகுதிக்கு ஒன்றுமுதற் றொடங்கும் எண்ணும் இடுக என்னும் விதியைச் சிலர் பொருளற்றது என்பர். பாயிரம் முன்னே நிற்பினும் நூல் முற்றிய பின்னரே செய்யப்படுவது. அதன் பக்கம் எத்துணையாம் என்பது நூலுடல் கோக்கப்படும்போது அறியப்படாது. ஆகலின் உடற்பகுதியின் எண் கலையாதிருத்தற்பொருட்டு வேறெண் வேண்டப்பட்டது. ஏ-4 என்னும் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடைய தாளின் இடப்புறத்தில் மிகுதியான ஓரம் விடுக என்பதும் கட்டுமிடத்தில் எழுத்து மறையாமைப்பொருட்டேயாம். ஓலைச்சுவடியிற் கயிறு கோக்குந் துளையைச் சூழ எழுத்தின்றி இடம் விட்ட பழந்தமிழ் ஏடெழுதுவாரும் இக்காரணமே கருதினர். ஒவ்வொரு விதிக்கும் அடியிற் கிடக்குங் காரணத்தை உணர்ந்து கொள்வானுக்கு விதி சுமையாகாது.

அமைப்பின் காரணம் மிக ஆழ்ந்திருப்பது, ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றினின்று பிரித்துக் காட்டும் இடத்திலாம். சுவடியில் மூலமும் உரையும் ஒரே நிரலில் இடைவெளியின்றி ஓடும். மெய்க்குப் புள்ளியும், எகர ஒகரங்கட்குக் குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் இரா. ஆசிரியர்பாற் பாடங்கேட்டவனுக்கு இது தடையன்று. மூலம் அவன் நெஞ்சில் இருந்தமையால் உரை தொடங்கும் இடம் அவனுக்குத் தானே விளங்கும். ஆய்வேட்டைப் படிப்பவன் அத்தகையன் அல்லன். அவனுக்கு மூலச்செய்யுள் இஃது, பழையவுரை இஃது, ஆய்வாளன் கூற்று இஃது என மூன்றும் கண்ணிற் பட்ட அளவிலே வேறுபடல் வேண்டும். செய்யுளை உள்ளிழுத்துத் தனியே நிறுத்துதலும், உரைப்பகுதியை மேற்கோட் குறிக்குள் அடைத்தலும், ஆய்வாளன் கருத்தினை வெளிப்பட வைத்தலும் இதன்பொருட்டே விதிக்கப்பட்டன.

இவ்வேறுபாடு தவறுமாயின் விளைவது யாதென்பதை ஓர் எடுத்துக்காட்டான் அறிக. சிவஞானபோதம் இரௌரவாகமத்துள்ள வடமொழிச் சூத்திரங்கள் பன்னிரண்டின் மொழிபெயர்ப்பு என்பது சிவஞான முனிவர் மாபாடியத்துட் கொண்ட கொள்கை. அந்நூல் தமிழிலே முதனூலாக எழுந்தது என நிறுவப் புகுந்த அறிஞர் 20ஆம் நூற்றாண்டில் உளராயினர். இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்பது சைவ உலகிற்குச் சிறிய வினாவன்று. இங்ஙனமாகவும், முனிவரது உரைப்பகுதியைத் தன் உரைநடையோடு கலந்து எழுதும் ஆய்வாளன், மெய்கண்டார் தாமே தம் நூலை மொழிபெயர்ப்பென்று கூறினார் போலப் படிப்பவனை மயங்கவைத்து விடுகின்றான். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் ஒருவர் கருத்து, பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலாசிரியர் வாக்காக மாறிவிடுகின்றது. ஆய்வாளன் பொய் கூற எண்ணினான் அல்லன். ஓரம் விட்டு எழுதாமையும் குறியிடாமையுமே பொய்யை விளைத்தன. எனவே அமைப்பினை இகழ்தல் மெய்ம்மையை இகழ்தலாய் முடியும் என்க.

இனி, அமைப்பே ஆய்வு என்பார் கூற்றினை ஆராய்க. சிவஞானபோதத்தினும் செப்பமாகப் பகுக்கப்பட்ட நூல் சைவர்க்கு இல்லை. சூத்திரம் 12, அவற்றுள் முதல் ஆறும் பொது, பின் ஆறும் உண்மை. மும்மூன்று சூத்திரங்களாகப் பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன் என நான்கு இயல்கள். அதிகரணம் 39. எடுத்துக்காட்டு வெண்பா 81. ஒவ்வோர் அதிகரணத்தினும் மேற்கோளும், ஏதுவும், எடுத்துக்காட்டும் முறையே வருவன. முதற்சூத்திரத்து முதலதிகரணத்தில், உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் தன்மைத்து என்பது மேற்கோள். தோற்றமும் இறுதியும் இல்பொருட்கு இன்றி உள்பொருட்கே உளவாகக் காணப்படுதல் ஏது. பின் வரும் வெண்பா அதனைக் கண்கூடாகக் காணும் நிகழ்ச்சி கொண்டு வலியுறுத்தும். மெய்கண்டார் முதற்கண் தாம் நிறுவப் புகுந்ததனைத் தம் வாயாற் கூறினார், கூறியபின் அதற்குக் காரணங் காட்டினார், காட்டியபின் விளக்கினார். வடமொழித் தருக்கநூலார் பிரதிஞ்ஞை என்பதும், மணிமேகலை பக்கம் எனக் கூறுவதும் இம்மேற்கோளையேயாம்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று பெரிதும் பயன்படுவதாம். மெய்கண்டார் நூலில் மேற்கோள் என்பது ஒருவன் தானே மேற்கொண்ட துணிபு. இன்றைப் பல்கலைக்கழக வழக்கில் மேற்கோள் என்பது பிறர் கூற்றினை எடுத்துக் காட்டுதல். ஒரே சொல் தன் கூற்றினின்று பிறர் கூற்றிற்குப் பெயர்ந்துவிட்டது. உரையாசிரியர் பிற நூற் செய்யுட்களை எடுத்தாளுதலும் மேற்கோள் என வழங்கிற்றாகலின், இப்பெயர்ச்சி பிழையன்று. ஆயினும் சொல்லின் பொருள் பெயர்ந்தவாறே பொருளும் பெயர்ந்துவிட்டமைதான் வருந்தற்பாலது. இக்காலத்து ஆய்வேடுகள் பலவற்றிற் பிறர் கூற்றாகிய மேற்கோள் பக்கந்தோறும் நிறைந்துள்ளது; ஆய்வாளன் துணிபாகிய மேற்கோள் முந்நூறு பக்கத்துள் யாண்டும் இல்லை.

இஃது இல்லை என்பதை அறிதற்கு எளிய வழி உண்டு. தலைப்பினை நோக்குக. சித்தியாரில் உயிர்க்கோட்பாடு என்பது போன்ற தலைப்பு ஒரு பொருளைச் சுட்டுகின்றதேயன்றி, அப்பொருளைப் பற்றி யாதொன்றையும் கூறவில்லை. மேற்கோளாவது பயனிலையோடு முடியும் ஒரு வாக்கியமாதல் வேண்டும். அதனை மறுப்பான் ஒருவன் உலகில் இருத்தலும் கூடுதல் வேண்டும். மறுப்பாரே இல்லாத கூற்றை நிறுவுதற்கு ஏது எற்றுக்கு? சிவஞானசித்தியார் சுபக்கத்திற்கு அறுவர் உரை உள. அவ்வறுவர் கருத்தையும் ஆறு இயலிற் சுருக்கித் தருவது தொகுப்பு. அவருள் ஞானப்பிரகாசர் ஏனையோரினின்று வேறுபடும் இடங்கள் யாவும் இன்ன ஒரு கொள்கையினின்று பிறந்தன என்று ஒருவன் துணிந்து கூறுவானாயின், அது மேற்கோள். அதற்கு ஏதுவும் வேண்டும், சான்றும் வேண்டும், மாற்றாருக்கு விடையும் வேண்டும். முன்னையது உழைப்பாளியின் வினை; பின்னையது ஆராய்ச்சி.

மேற்கோள் இன்மையால் யாப்பும் சிதைகின்றது. நிறுவவேண்டுவது ஒன்று இருக்குமாயின், அதற்கு இன்றியமையாதது இயலாகும், ஏனையது விலகும். அது இல்வழி இயல்கள் ஆசிரியர் வரலாறு, நூல் வரலாறு, சமய வரலாறு எனப் பொதுவாய் நீண்டு, தலைப்பிற்குரிய பொருள் நான்காம் இயலில் நலிந்து தோன்றும். நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தலும், வெற்றெனத் தொடுத்தலும், சென்று தேய்ந்திறுதலும் இத்தகைய ஏடுகளைக் கண்டே வகுக்கப்பட்டனவோ என ஐயுறும்படி உள்ளன. முடிவுரை ஒவ்வோர் இயலிறுதியிலும் எழுதிய தொகுப்புரைகளை மீள எழுதி ஒட்டுவதாய்க் கூறியது கூறலாகின்றது. அற்றேல், முடிவில் தொகுத்துரைத்தல் தொகுத்துச் சுட்டல் என்னும் உத்தியன்றோவெனின், அன்று. விரிந்து கிடந்தவற்றை ஒரு பொருள்மேல் ஒருங்கு நிறுத்துவதே உத்தி. அவற்றையே மீளக் கூறுவது குற்றம். மேற்கோள் உடையான் முடிவுரையில் அதனை நிறுவினமையைக் காட்டுவான். மேற்கோள் இல்லான் காட்டுதற்கு ஒன்றும் இன்மையின் கூறியதையே கூறுவான்.

முன்னை ஆய்வுகளை மதிப்பிடும் இயல் இன்று வெறும் பட்டியலாய் நிற்கின்றது. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன தலைப்பில் எழுதினார், அது இத்தனை இயல்களை உடையது என்று நூற்பெயர்களை அடுக்குவதனால் எவர்க்கு யாது பயன்? அருணந்திசிவாசாரியர் சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இருகூறாக்கியது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பரபக்கத்தில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் மதத்தையும் அவர் தாமே கூறுமாறு போல முதலிற் கூறி, பின்னர் அதன் மறுதலையைக் கூறினார். மாற்றான் கூற்றினை வலிகுன்றாமற் கூறிய பின்னன்றி மறுக்கத் தொடங்காமையே அந்நூலின் பெருமை. முன்னையோர் ஆய்வினை மதிப்பிடுவானும் அங்ஙனமே, அவர் நிறுவியது யாது, அது நிற்குமிடம் யாது, நில்லாவிடம் யாது, தன் மேற்கோள் அவ்வெற்றிடத்தை நிரப்புமாறு யாது எனக் காட்டக் கடமைப்பட்டவன். பரபக்கம் சுபக்கத்திற்கு வாயில். வாயிலைக் கட்டி வீட்டைக் கட்டாது விடுவார் போல்வர் பட்டியல் எழுதி அமைவார்.

பிறர் கூற்றினைக் கவர்ந்து கொள்ளும் குற்றத்தைத் தடுத்தற்பொருட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. அவற்றின்படி ஆய்வேட்டின் ஒப்புமை நூற்றுக்கு 10 வரையாயின் தண்டமில்லை. 10க்கு மேல் 40 வரையாயின், 6 மாதத்திற்கு மேற்படாத காலத்துள் திருத்தி மீளச் சேர்ப்பித்தல் வேண்டும். 40க்கு மேல் 60 வரையாயின் ஓராண்டு சேர்ப்பித்தல் கூடாது. 60க்கு மேலாயின் பதிவே நீக்கப்படும். இவ்விதி வந்த பின்னர், சாத்திரம் கற்பார் சிலர் மனம் வருந்தினர். முன்னோர் பொருளையேயன்றிச் சொல்லையும் எடுத்தாளுதல் வழிநூலார்க்கு மரபாயிருக்க, அதனைக் களவென்பது தகுமோ என்பது அவர் வினா.

இவ்வினாவிற்கு விடை கேட்போர் என்னும் பாயிரவுறுப்பிலே உள்ளது. பண்டு உரையாசிரியர் முன்னோர் தொடரைப் பெயர் கூறாது ஆண்டபோது, கேட்ட மாணாக்கனுக்கு அத்தொடர் யாருடையது என்பது மனப்பாடமாயிருந்தது. அறிந்தார் முன்னர் எடுத்தாளுதல் போற்றுதலாம், எவரும் களவென்னார். இன்றைக் கேட்போர் அங்ஙனம் அல்லர். அவர் அறியாமை கருதி எழுதுவோன் பெயர் கூறாது விடுவானாயின், அவ்வுடைமை தன்னுடையதாகத் தோன்றும்படி விடுகின்றான். ஆகலின் அதே செயல் பண்டு போற்றுதலும் இன்று களவுமாயிற்று. அன்றியும், உரிய குறிப்போடு எடுத்துக் காட்டிய பகுதிகளையும் துணைநூற்பட்டியலையும் ஒப்புமைக் கணக்கினின்று அவ்விதியே விலக்கிவிட்டது. திருமுறையையும் சாத்திரத்தையும் எடுத்தாள்வானுக்கு அதனால் இடரில்லை. இடம் சுட்டாது எடுப்பானுக்கே இடர்.

ஆனால் கணினி எண்ணுவது சொல்லை, கருத்தையன்று. பிறரொருவர் ஆய்வினைத் தொடர்தொறும் சொல் மாற்றி எழுதினவன் ஒப்புமை நூற்றுக்கு 9 எனக் காட்டி நிமிர்ந்து செல்லுதல் கூடும். சொல்லைக் கவர்ந்தவனைக் காட்டிலும் சொல்லை மாற்றிப் பொருளைக் கவர்ந்தவன் கொடியன். முன்னவன் அடையாளத்தையாவது விட்டுச் சென்றான். இக்களவைக் காண வல்லது நூலறிவுடைய புறத்தேர்வாளர் கண்ணேயாம். மேற்கோள் இல்லாத ஏட்டினை இயந்திரம் தண்டியாது. ஒப்புமையின்மை ஒரு தகுதியேயன்றிச் சிறப்பன்று.

இடஞ்சுட்டும் முறையிலும் சைவநூலார் கருதவேண்டுவன சில உள. தேவாரப் பாடலுக்கு ஒரு பதிப்பின் பக்க எண்ணை மாத்திரம் குறித்தால், மற்றொரு பதிப்பை உடையான் அப்பாடலைக் காணமாட்டான். திருமுறை, பதிகம், பாடல் என்னும் மூன்றையும் குறித்தல் வேண்டும். தேவாரப் பதிப்புக்கள் பண்முறையிலும் தலமுறையிலும் அமைந்துள்ளமையின், எம்முறைப் பதிப்பின் எண் என்பதும் ஒருமுறை முன்னுரையிற் கூறப்படல் இன்றியமையாதது. சிவஞானபோதத்திற்குச் சூத்திரமும் அதிகரணமும் சுட்டுக. பதிப்பு மாறினும் மாறாத எண்ணே இடஞ்சுட்டுதற்கு உரியது.

ஆசிரியர் பெயரைத் துணைநூற்பட்டியலில் வைக்கும் முறையிலும் மேனாட்டு வழக்கை ஆராயாது கொண்டமையால் இடர் பிறந்தது. குடிப்பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைத்தல் குடிப்பெயர் உடையார்க்குத் தகும். தமிழர் முன்னெழுத்தோ தந்தை பெயரையும் ஊர்ப்பெயரையும் குறிப்பது. உ.வே. சாமிநாதையர் என்பதில் உகரம் உத்தமதானபுரம். வேகாரம் தந்தையாராகிய வேங்கடசுப்பையர். 1895இற் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட நல்லசாமி பிள்ளையைப் பிள்ளை என்னும் சொல்லின்கீழ் வைத்தால், அச்சொல்லை ஈற்றிலுடைய அறிஞர் பலரும் ஒரே பெயரினராகி விடுவர். சாதிப்பட்டம் குடிப்பெயராகாது. இயற்பெயரை முதலிலும் முன்னெழுத்தினைப் பின்னும் வைப்பதே தமிழ்ப் பட்டியலுக்கு ஒத்த முறை. துறவுப்பெயர் உடையார்க்கு அப்பெயரே தலைச்சொல். மறைமலையடிகளை மகரத்தில் தேடுவானுக்கு வேதாசலம் என்னும் முன்னைப் பெயரினின்று வழிகாட்டும் குறிப்பொன்று போதும்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று கூறற்பாலது. பழைய எழுத்துருக்களிற் கோத்த ஏடு தாளிற் செவ்வனே தோன்றினும், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற அயலெழுத்துக்களாய்ச் சிதறும். தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆய்வேட்டின் மின்படி இன்று இன்பிளிப்நெட் நடுவத்தின் சோத்கங்கா என்னும் களஞ்சியத்திற் சேர்க்கப்பட்டு எவரும் காணுமாறு வைக்கப்படுகின்றது. ஒருங்குறியில் அமையாத ஏடு ஆங்கு இருந்தும் தேடுவார்க்கு அகப்படாது. கறையானுக்கு இரையான சுவடி போல, இருந்தும் இல்லாததாகும்.

இங்ஙனம் உழைப்பார்க்கு வழிகாட்டியாகச் சாமிநாதையர் பதிப்புக்கள் உள. அவர் 1887இற் சீவகசிந்தாமணியையும் 1894இற் புறநானூற்றையும் வெளியிட்டபோது பல்கலைக்கழக விதி ஒன்றும் அவரைக் கட்டவில்லை. ஆயினும் ஆசிரியர் வரலாறும், எடுத்தாண்ட நூல்களின் முதற்குறிப்பும், அரும்பத அகராதியும், பாடவேறுபாடும் அவர் பதிப்புக்களில் ஒழுங்குபெற்று வளர்ந்தன. உரையாசிரியர் எடுத்தாண்ட செய்யுட்களுள் இன்ன நூலின என விளங்காதவற்றை விளங்காதன என்றே வெளிப்படையாகப் பிரித்துக் காட்டினார். தெரியாததைத் தெரியாதது என எழுதுதற்கு ஓரிடம் வகுத்தமையே அப்பதிப்புக்களின் அமைப்பில் மிக உயர்ந்த பகுதி. இன்றை ஆய்வேடுகளில் அத்தகைய பக்கம் ஒன்றும் விதிக்கப்படவில்லை. விதியில்லாவிடினும் எழுதுவார்க்குத் தடையில்லை.

ஏட்டினைச் சேர்ப்பித்தலோடு வினை முடிவதில்லை. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, நெறியாளரோடு புறத்தேர்வாளர் இருவரேனும் ஏட்டினை மதிப்பிடுவர். பின்னர் வாய்மொழித் தேர்வு நிகழும். இஃது அரங்கேற்றத்தின் இக்கால வடிவம். அரங்கேற்றத்தில் நூலாசிரியன் ஒவ்வொரு தடைக்கும் விடை கூறி நூலை நிறுத்தினான். எடுத்து என்னும் ஒரு சொல்லைப் பற்றி எழுந்த தடைக்குச் சிவஞான முனிவர் தனிநூலே செய்து விடை இறுத்தமை சைவர் அறிந்தது. தன்மேற்கோள் உடையானுக்கு அவை அஞ்சும் இடமன்று. தன் துணிபைக் காக்கும் களம். மேற்கோள் இல்லானிடம் தேர்வாளர் வினவுதற்கும் ஒன்றில்லை; பக்க எண் பிழையையும் எழுத்துப் பிழையையும் சுட்டி எழுந்து செல்வர்.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மெய்யடியாரது வேடத்தையும் திருக்கோயிலையும் இறைவனெனவே கொண்டு வழிபடுக என விதித்தது. புறவடிவத்தைப் பொருளற்றதென ஒதுக்குதல் சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று என்பது அதனாற் பெறப்படும். ஆயின் அச்சூத்திரம் நூலின் முதலில் வையாது இறுதியில் வைக்கப்பட்டது. பதியும் பசுவும் பாசமும் நிறுவப்பட்டு, சாதனமும் பயனும் கூறப்பட்ட பின்னரே வேடம் வழிபடப்படுவதாயிற்று. ஆய்வேட்டிற்கும் அம்முறையே கொள்க. சேர்ப்பிக்கப் புகுவான் ஏட்டினைக் கட்டக் கொடுக்குமுன், பிறர் கூற்றுக்கள் அனைத்தையும் மனத்தளவில் நீக்கிவிட்டு எஞ்சுவது யாதென நோக்குக. ஒரு வாக்கியமேனும் தன் துணிபாய் நின்று, அதற்கு ஏதுவும் சான்றும் நூலினுள் உளவாயின், ஓரமும் எழுத்தும் எண்ணும் அட்டையும் அதற்கு அணிகலமாகும். ஒன்றும் நில்லாதாயின், இன்னும் சேர்ப்பிக்கும் காலம் வந்திலது என்று அறிந்து முதலியலுக்கு மீள்க.